வெயில் தாங்கும் மழைமெழுகு

பருத்தி தண்ணீரை உறிஞ்சும். மெழுகு தண்ணீரை அண்டவிடாது. பருத்தித் துணியின் இழைகளுக்குள் மெழுகை உருக்கி ஏற்றிவிட்டால், மேலே விழும் மழைத்துளி உள்ளே இறங்காமல் உருண்டு ஓடிவிடும். கித்தான் பை, தார்ப்பாய், கருவிகளைச் சுற்றி வைக்கும் துணி, மோட்டார் சைக்கிள் உறை, முரட்டுப் பருத்தியில் தைத்த மேலங்கி என்று பலவற்றை இந்த முறையில் மழைக்குத் தயாராக்கலாம். அதற்கான மெழுகைக் கடையில் தேடி வாங்க வேண்டியதில்லை. பாரஃபின் மெழுகு, தேன்மெழுகு, சிறிதளவு எண்ணெய் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

செய்முறை எளிது, கவனம் தேவைப்படுவது அளவில்தான். குளிர்நாடுகளில் வழங்கும் கலவைகளில் எண்ணெய் அதிகம். உறையவைக்கும் குளிரிலும் துணி விறைக்காமல் இருக்க அங்கே அது வேண்டும். அதே கலவையைத் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் பூசினால் சித்திரை வெயிலில் இளகி, கையிலும் சட்டையிலும் ஒட்டும். இந்த மாவட்டத்தின் வெயிலுக்கும் வேலைக்கும் ஏற்ற மெழுகு கெட்டியானதாக இருக்க வேண்டும். எங்கே பூசலாம், எங்கே பூசக்கூடாது என்ற தெளிவும் கூடவே வேண்டும்.

யாருக்குப் பயன்படும்

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைய உண்டு. அதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகையிலும் ஒரு சிப்காட் வளாகம் இருக்கிறது. மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் புறநகர் ரயிலிலும் இருசக்கர வாகனத்திலும் வந்துபோகிறார்கள். சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் தார்ப்பாய் போர்த்திய லாரிகள் ஓய்வதில்லை. கிழக்கே பழவேற்காட்டில் மீனவர்களின் படகும் வலையும் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன.

இந்தப் பகுதிக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி நகர்ந்தபோது சென்னையும் திருவள்ளூரும் வெள்ளத்தில் மிதந்தன. ஆண்டுதோறும் இந்தப் பருவத்துக்கு முன்பே, ஆடி ஆவணி மாலைகளில் இடியோடு கொட்டும் மழையும் உண்டு. பகலெல்லாம் வெயில், இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மழை என்பது இங்கே வழக்கம். மழைக்காப்புப் பொருள் எதுவானாலும் இரண்டையும் ஒரே நாளில் தாங்கியாக வேண்டும்.

துணி ஏன் நனைகிறது

பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறுகள் தண்ணீர் மூலக்கூறுகளை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் அந்தத் தண்ணீரை மேலும் உள்ளே இழுக்கும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதியால்தான்.

மெழுகு நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளால் ஆனது. அவற்றுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு கிடையாது. மெழுகுப் பரப்பில் விழும் நீர், பரவுவதை விடத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு முத்தாகத் திரள்வதையே நாடும். ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய மெழுகுப் படலம் படிந்துவிட்டால், நூல்களுக்கு இடையே சிறு துளைகள் எஞ்சியிருந்தாலும் அவற்றின் வழியே நீர் எளிதில் நுழையாது. காற்று மட்டும் ஓரளவு போய்வரும். ரெக்சின், பிளாஸ்டிக் மழைக்கோட்டுகளில் வரும் புழுக்கம் மெழுகுத் துணியில் குறைவாக இருப்பது இதனால்தான்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. மெழுகுத் துணி தூறலையும் சாதாரண மழையையும் நன்றாகத் தடுக்கும். மணிக்கணக்கில் கொட்டும் புயல்மழையில், தோள்பட்டை, பை வார் போன்று அழுத்தம் விழும் இடங்களில், நீர் மெல்ல இறங்கும். நெசவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு காப்பு கிடைக்கும். கொசுவலை போன்ற தளர்ந்த துணிக்கு எவ்வளவு மெழுகு பூசினாலும் பயனில்லை.

இந்தக் கரைக்குப் பழகிய மெழுகு

மெழுகால் துணிக்குள் நீர் புகாமல் தடுப்பது சோழமண்டலக் கரைக்குப் புதியதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை இந்தக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்கள் தேடி வந்த சரக்கு பருத்தித் துணி; அதில் ஓவியம் தீட்டிய துணிக்குத் தனி மதிப்பு. அந்தத் துணிகளில் நீலம் ஏற்றும்போது, நீலம் படக்கூடாத பகுதிகளை உருகிய தேன்மெழுகால் மூடிவிடுவார்கள். பிறகு துணியை அவுரிச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். மெழுகு இருந்த இடத்தில் சாயநீர் இறங்காது. வேலை முடிந்ததும் கொதிநீரில் இட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். 1734-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியூ இந்த வேலையை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார்.

மெழுகைக் கலந்து பக்குவப்படுத்தும் அறிவும் தமிழ்நாட்டில் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஐம்பொன் சிலைக்கு முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அந்த மெழுகு தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. குங்கிலியம் இறுக்கம் தருகிறது, எண்ணெய் நெகிழ்வு தருகிறது, தேன்மெழுகு இரண்டையும் பிணைக்கிறது. மழைக்காப்பு மெழுகின் கணக்கும் இதுவே: இறுக்கத்துக்கு ஒன்று, பிணைப்புக்கு ஒன்று, நெகிழ்வுக்கு ஒன்று.

ஐரோப்பாவில் பாய்மரக் கப்பல்காரர்கள் பாய்த் துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். எண்ணெய் காலப்போக்கில் மஞ்சளாகி, விறைத்து, வெடித்தது. பின்னாளில் பாரஃபின் மெழுகு ஏற்றிய பருத்தி அதன் இடத்தைப் பிடித்தது. 1894-இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் தொடங்கிய பார்பர் நிறுவனம் இத்தகைய மேலங்கிகளால் பெயர் பெற்றது.

பொருள்கள்

பாரஃபின் மெழுகு: கலவையின் உடல் இதுதான். கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் எடுக்கும்போது பிரித்தெடுக்கப்படுவது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. பாரஃபின் வகைக்குத் தக்கபடி சுமார் 46 முதல் 68 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு வெப்பத்தில் உருகும். இந்த வேலைக்கு 58 டிகிரிக்கு மேல் உருகும் கெட்டி வகை நல்லது. வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளை மெழுகுவத்தியும் போதும். திரியை மட்டும் எடுத்துவிட வேண்டும். பாரஃபினைத் தனியாகப் பூசினால் துணி மடியும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து செதிலாக உதிரும்.

தேன்மெழுகு: 62 முதல் 64 டிகிரியில் உருகும். இழையோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மடித்தாலும் எளிதில் உதிராது. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். விலை அதிகம் என்பதால் சிலர் பாரஃபினைக் கலந்து விற்பதுண்டு. நல்ல தேன்மெழுகில் தேன் மணம் லேசாக இருக்கும். கைச்சூட்டில் பிசைந்தால் குழைந்து கொடுக்கும், பொடியாகாது.

எண்ணெய்: நெகிழ்வுக்காகச் சேர்ப்பது. பெட்ரோலியம் ஜெல்லி அல்லது நிறமற்ற மினரல் ஆயில் ஏற்றது, இரண்டும் கெட்டுப்போகாது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் துணியில் நாளடைவில் சிக்குப் பிடித்து நாற்றம் அடிக்கும். ஈரத்தோடு சேர்ந்து பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலர்ந்து படலமாகிவிடும் என்பதால் பழைய முறைகளில் இடம்பெற்றது. ஆனால் அது உலரும்போது சூடு உண்டாக்கும். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். வீட்டில் செய்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. குங்கிலியத்தையும் இங்கே சேர்க்க வேண்டாம். அது உருக நேரடிச் சூடு வேண்டும், துணியையும் விறைப்பாக்கிவிடும்.

டர்பன்டைன் கலந்து பசையாகச் செய்யும் முறையும் உண்டு. சுமார் 35 டிகிரியிலேயே டர்பன்டைனிலிருந்து எழும் ஆவி, ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். கோடையில் அறையின் வெப்பமே அதைத் தாண்டும். கட்டியாக வார்த்துத் தேய்க்கும் முறைக்கு அது தேவையே இல்லை.

அளவு

கடலோரச் சமவெளிக்கு எடைக்கணக்கில் 6 பங்கு பாரஃபின், 3 பங்கு தேன்மெழுகு, 1 பங்கு பெட்ரோலியம் ஜெல்லி என்பது நல்ல தொடக்கம். அரைக் கிலோ செய்வதானால் பாரஃபின் 300 கிராம், தேன்மெழுகு 150 கிராம், ஜெல்லி 50 கிராம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிருக்காக ஜெல்லியை இரட்டிப்பாக்கி, அந்த அளவு பாரஃபினைக் குறைத்துக்கொள்ளலாம்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கித்தான் துணி 60 முதல் 100 கிராம் மெழுகை வாங்கும். அரைக் கிலோ கட்டியில் ஐந்து முதல் எட்டு சதுர மீட்டர் வரை பூசலாம்.

கலவை ஊர் வெயிலுக்குப் பொருந்துகிறதா என்பதை ஒரு துண்டுத் துணியில் பூசிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். துண்டின் அடியில் வெள்ளைத் தாளை வைத்து, மொட்டை மாடியில் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் விட வேண்டும். தாளில் எண்ணெய்க் கறை பரவியிருந்தால் ஜெல்லி அதிகம். மீதிக் கலவையை மறுபடி உருக்கிப் பாரஃபினைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஆறிய பிறகு துண்டை மடித்துக் கசக்கும்போது மெழுகு பொடியாக உதிர்ந்தால் தேன்மெழுகைக் கூட்ட வேண்டும். மடிப்பில் மங்கலான கோடு விழுவது இயல்பு. கைச்சூட்டில் தேய்த்தால் மறையும்.

உருக்குவது

மெழுகை அடுப்பில் நேரடியாக வைத்து உருக்கக்கூடாது. ஒரு பெரிய பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் வைத்து, அதற்குள் சிறிய எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி, மெழுகை அதில் போட வேண்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது என்பதால் மெழுகும் அதைத் தாண்டாது. நேரடித் தீயில் மெழுகு 200 டிகிரியை எட்டினால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும்.

பாரஃபினைத் துருவியோ சிறு துண்டுகளாக உடைத்தோ போட்டால் சீக்கிரம் உருகும். அது முழுதும் உருகிய பிறகு தேன்மெழுகு, கடைசியில் ஜெல்லி. மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறி, கலவை தெளிந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தேன்மெழுகில் தூசி இருந்தால் பழைய மல் துணியில் வடிகட்டலாம்.

வார்ப்பதற்குச் சமையலுக்குப் பயன்படாத பழைய இட்லித் தட்டு வசதியானது. குழிகளில் எண்ணெய் தடவி ஊற்றினால், ஆறியதும் கைக்கு அடக்கமான வில்லைகள் கிடைக்கும். வில்லையின் விளிம்பு தையல் ஓரங்களில் தேய்க்கவும், வளைந்த அடிப்பாகம் அகலமான பரப்பில் தேய்க்கவும் உதவும். மெழுகுக்குப் பயன்பட்ட பாத்திரத்தையும் தட்டையும் மீண்டும் சமையலுக்கு எடுக்கக்கூடாது. மீந்த மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பாத்திரத்திலேயே ஆறவிட்டுச் சுரண்டி எடுத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

உருகும் மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகைச் சுற்றிலும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் பாத்திரத்தை மூடி, முழுதும் ஆறும்வரை திறக்காமல் இருப்பதே வழி. மெழுகு உருகும் நேரத்தில் அடுப்பை விட்டு நகராமல் இருப்பதும், குழந்தைகளை அருகில் விடாமல் இருப்பதும் கட்டாயம்.

பூசுவது

துணி சுத்தமாகவும் நன்றாக உலர்ந்தும் இருக்க வேண்டும். சோப்புத்தூள் மிச்சம் இருந்தால் அது தண்ணீரைத் துணிக்குள் அழைத்துவந்துவிடும். ஆகவே கடைசியாக இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். வாசனை நீர்மமும் கஞ்சியும் போடக்கூடாது.

துணியை மேசையில் இழுத்து விரித்து, வில்லையைக் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். தையல் ஓரம், பொத்தான் துளை, பையின் அடிப்பக்கம் ஆகியவற்றுக்கு இரட்டைப் பூச்சு தேவை. நீர் முதலில் நுழைவது ஊசித் துளைகளின் வழியாகத்தான். செருப்புத் தைப்பவர்கள் நூலை மெழுகில் இழுத்துவிட்டுத் தைப்பதன் காரணங்களில் ஒன்றும் அதுவே: மெழுகேறிய நூல் துளையை அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் மெழுகு துணியின் மேல் வெண்படலமாகத்தான் நிற்கும். அதை உள்ளே இறக்கச் சூடு வேண்டும். ஹேர் டிரையரை ஒரு நேரத்தில் கையகல இடத்துக்குக் காட்டினால் வெண்மை மறைந்து, துணி ஈரம் பட்டதுபோல் கறுக்கும். மெழுகு இழைக்குள் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இஸ்திரிப் பெட்டியைப் பயன்படுத்தினால் மிகக் குறைந்த சூட்டில், மேலே பழைய துணி போட்டுத் தேய்க்க வேண்டும். வெயில் காலத்தில் தகரத்தின் மேல் விரித்து வைத்தாலே பெரிய தார்ப்பாய்க்குப் போதிய சூடு கிடைக்கும். ஆங்காங்கே திரளும் மெழுகைத் துணியால் வழித்துப் பரப்பிவிட வேண்டும். பிறகு நிழலில் ஒரு நாள் தொங்கவிட்டால் துணி பயன்பாட்டுக்குத் தயார்.

பூச்சு சரியா என்று பார்க்க, துணியை டம்ளரின் வாயில் குழிவாக வைத்து ரப்பர் வளையத்தால் கட்டி, குழிவில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடலாம். டம்ளருக்குள் சொட்டு விழாமல், துணியின் அடிப்பக்கம் உலர்ந்திருந்தால் பூச்சு நன்றாக இருக்கிறது. ஈரம் தட்டினால் அந்த இடத்தில் மறுபடி தேய்த்துச் சூடு காட்ட வேண்டும்.

எங்கே ஆகாது

உருக்காலை, உருட்டாலை, வெல்டிங், கிரைண்டிங் வேலைகளில் மெழுகேறிய உடை அணியவே கூடாது. மெழுகும் பருத்தியும் சேர்ந்தால் அது திரியும் மெழுகுமாகிவிடுகிறது. ஒரு பொறி போதும். பற்றிய தீ சட்டென்று பரவும், உருகிய மெழுகு தோலில் ஒட்டி ஆழமாகச் சுடும். ஆலைகளில் தரும் தீத்தடுப்பு உடைக்கும் கையுறைக்கும் வெப்பம் தாங்கும் காலணிக்கும் மெழுகு பூசினால் அவற்றின் பாதுகாப்பே கெட்டுவிடும். மழையில் நனையாமல் வேலைக்கு வர உதவும் மேலங்கியை வாயிலுக்கு அருகே, வெப்பம் இல்லாத இடத்தில் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போவதே முறை. வீட்டிலும் சமையல் அடுப்பு, விளக்கு, பட்டாசு அருகே இதே எச்சரிக்கை பொருந்தும். குழந்தைகளின் உடைக்கு இது வேண்டாம்.

நைலான், பாலியெஸ்டர் மழைக்கோட்டுகளுக்கும் மெழுகு ஏற்றதல்ல. அந்த இழைகள் மெழுகை உறிஞ்சாது. மேலே பிசுபிசுப்பாக நிற்கும். அவற்றில் நீரை விலக்க வேறு ரசாயனப் பூச்சுகள் உண்டு. அத்தகைய பூச்சுகளில் சிலவற்றோடு தொடர்புடைய, எளிதில் மக்காத ஃபுளூரின் சேர்மமான பிஎஃப்ஓஏ 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பருத்தியும் மெழுகும் போதுமான இடத்தில் அவற்றையே பயன்படுத்துவது சூழலுக்கு நல்லது.

வெல்வெட் போன்ற மயிர்ப் பரப்புள்ள தோலும் மெழுகு பட்டால் பாழாகும். வழவழப்பான தோல் காலணிக்கும் பைக்கும் மெல்லிய பூச்சு நன்மையே. வெளிர்நிறத் துணி மெழுகேறினால் ஓரிரு சாயல் கறுக்கும் என்பதை முன்பே எண்ணிக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

மெழுகுத் துணியை வாஷிங் மெஷினில் போடக்கூடாது. வெந்நீரும் சோப்பும் மெழுகைக் கழற்றிவிடும். சேறு பட்டால் உலரவிட்டுத் தட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தொழிற்சாலைப் பகுதியின் இரும்புத்தூசியும் சாலைப் புழுதியும் இளகிய மெழுகில் ஒட்டும் என்பதால் வாரம் ஒருமுறை துடைப்பது நல்லது.

நனைந்த துணியை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டு உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் அடைப்பதும் கூடாது. கோடையில் வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்ரோல் டேங்க் மீதோ, பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் எவ்வளவு கெட்டியான கலவையும் இளகிவிடும். சித்திரை, வைகாசியில் அலமாரிதான் அதற்கு இடம்.

அடிக்கடி உரசும் தோள், முழங்கை, மடிப்பு ஆகிய இடங்களில் மெழுகு முதலில் தேயும். அங்கே நீர் முத்தாகத் திரளாமல் பரவத் தொடங்கினால் அந்த இடத்துக்கு மட்டும் பூசிக்கொள்ளலாம். முழுத் துணிக்கும் ஆண்டுக்கு ஒரு பூச்சு போதும். புரட்டாசியில் பூசிவிட்டால், அப்போதும் மிச்சமிருக்கும் வெயில் மெழுகை இழைக்குள் இறக்கிவிடும். ஐப்பசி மழைக்குத் துணி தயாராக இருக்கும்.